பைபிள் சாஃப்ட்வேர் போட்டாச்சு, தமிழ் எங்க? மாட்யூல்னா என்னன்னு முதல்ல இருந்து பாக்கலாம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில எங்களுக்குத் தெரிஞ்ச ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு வேதபாடம் எடுக்குறவரு. மகன் வாங்கிக் குடுத்த லேப்டாப்ல இ-ஸ்வோர்ட் போட்டுட்டு காலையில ஆறரை மணிக்கெல்லாம் போன் பண்ணிட்டாரு. "தம்பி, சாஃப்ட்வேர் நல்லாத்தான் தொறக்குது, ஆனா உள்ள கிங் ஜேம்ஸ் இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கு, தமிழ் எங்கப்பா?"

இந்தக் கேள்விய நெறைய பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க, தர்மபுரியில இருந்து ஓசூர் வரைக்கும். பாதிப் பேரு அந்த இடத்துலயே "இது நமக்கு ஆகாது"ன்னு மூடி வெச்சிடுறாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா இதுக்கு மேல ஒரு படிதான் பாக்கி, அந்தப் படி ஏறிட்டா ஒரு சின்ன லைப்ரரியே கைக்கு வந்துடும், அதுவும் காசில்லாம.

மிக்ஸி வாங்குறோம்ல, அத நெனச்சுக்கோங்க. கம்பெனிக்காரன் மோட்டாரோட ஒண்ணு ரெண்டு ஜார் குடுப்பான். ஜூஸ் ஜார், பெரிய ஜார் வேணும்னா தனியா வாங்கி மாட்டணும். பைபிள் சாஃப்ட்வேரும் அப்படித்தான். ப்ரோகிராம் வெறும் மோட்டார், தேடுறது, பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டுறது, குறிப்பு எழுத விடுறது இதெல்லாம் அதோட வேலை. படிக்கிற நூல், அதாவது தமிழ் பைபிள், விளக்கவுரை, அகராதி, இதெல்லாம் தனித்தனி ஃபைலா இருக்கும், அதுக்குப் பேருதான் மாட்யூல், சில ஆப்புல டாக்குமெண்ட்னு இருக்கும், சிலதுல ரிசோர்ஸ்னு இருக்கும், எல்லாம் ஒண்ணுதான். ஒரு கம்பெனி ஜார் இன்னொரு கம்பெனி மிக்ஸியில உக்காராது இல்லையா, அதே மாதிரி ஒரு ஆப்புக்கு செஞ்ச மாட்யூல் பெரும்பாலும் இன்னொரு ஆப்புல தொறக்காது. உள்ள இருக்குற சட்னி ஒண்ணுதான், யோவான் சுவிசேஷம் எங்கயும் யோவான் சுவிசேஷம்தான், ஆனா ஜார் வேற. "டவுன்லோட் பண்ணேன், வரலை"ன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நடக்குறது இதுதான்.

அதனால மொதல்ல உங்ககிட்ட இருக்குறது எந்த மிக்ஸின்னு பாருங்க. விண்டோஸ் கம்ப்யூட்டர்ல இலவசமா கிடைக்கிறதுல இ-ஸ்வோர்டும் தி வேர்டும் ரொம்ப பேர் வெச்சிருக்குறது. லினக்ஸ் வெச்சிருக்குறவங்களுக்கு ஸிஃபோஸ்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸ்லயும் ஓடும். ஆண்ட்ராய்டு போன்னா ஆண்ட்பைபிள், மைஸ்வோர்ட், மைபைபிள். இதுல ஆண்ட்பைபிளும் ஸிஃபோஸும் கிராஸ்வயர் பைபிள் சொசைட்டியோட ஸ்வோர்ட் ப்ராஜெக்ட் குடும்பம், ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், ஒரே ஜார் ரெண்டுலயும் உக்காரும். இ-ஸ்வோர்டு பேர்லயும் ஸ்வோர்டு இருக்கே, அதுவும் இந்தக் குடும்பமான்னா இல்லைங்க, அது தனி, பேர் மட்டும்தான் ஒத்துப்போகுது. இந்தப் பேர்க் குழப்பத்துல மாட்டாதவங்களே கிடையாது.

ஃபைல் பேரோட வால் பாத்தா எந்த ஆப்புக்குன்னு தெரிஞ்சுடும். இ-ஸ்வோர்டு பைபிள்னா பழைய ஃபைல் பிபிஎல்எக்ஸ்னு முடியும், புதுசு பிபிஎல்ஐன்னு முடியும், விளக்கவுரை சிஎம்டிஎக்ஸ் இல்ல சிஎம்டிஐ. தி வேர்டுல பைபிள் ஓஎன்டி, மத்த புத்தகமெல்லாம் டிடபிள்யூஎம். மைஸ்வோர்ட் ஃபைல் பிபிஎல் புள்ளி மைபைபிள்னு முடியும், இங்கதான் பெரிய பொறி இருக்கு, மைபைபிள்னே வேற ஒரு ஆப் இருக்குல்ல, ஆனா அந்த ஆப்போட ஃபைல் எஸ்க்யூஎல்லைட்3ன்னு முடியும். மைஸ்வோர்ட் ஃபைல மைபைபிள் ஆப்புல போட்டுட்டு ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்த ஒரு தம்பிய எனக்குத் தெரியும். ஸ்வோர்ட் குடும்பத்து மாட்யூல் ஜிப்பா வரும், தொறந்து பாத்தா உள்ள மாட்ஸ் புள்ளி டின்னு ஒரு ஃபோல்டர், மாட்யூல்ஸ்னு ஒரு ஃபோல்டர் ரெண்டு இருக்கும். மாட்ஸ் புள்ளி டி உள்ள ஒரு சின்ன கான்ஃப் ஃபைல் இருக்கும், நோட்பேடுல தொறந்தீங்கன்னா அந்த நூலோட ஜாதகமே அதுல இருக்கும், பேரு, மொழி, யாரு வெளியிட்டது, என்ன லைசென்ஸ், எல்லாம். மொழிக்கு நேரா டி, ஏன்னு ரெண்டு எழுத்து இருந்தா தமிழ்.

இப்ப எங்க தேடுறது. என் பதில் எப்பவும் ஒண்ணுதான், மொதல்ல ஆப்புக்கு உள்ளயே தேடுங்க, வெளிய போகாதீங்க. இ-ஸ்வோர்டுல மேல டவுன்லோட்னு ஒரு மெனு இருக்கு, அதுல பைபிள், கமென்ட்ரி, டிக்ஷனரின்னு வகை வகையா வரும், டிக் பண்ணி இறக்கிட்டு ப்ரோகிராம மூடித் தொறந்தா போதும். மூடித் தொறக்காம "வரலையே"ன்னு தேடுறவங்க நெறைய, அதனால இத அழுத்திச் சொல்றேன். ஆண்ட்பைபிள்ல மூணு கோடு மெனுவுல டவுன்லோட் டாக்குமெண்ட்ஸ் போனா மொழி கேக்கும், தமிழ்னு வெச்சீங்கன்னா தமிழ்ல என்னென்ன இருக்கோ வரிசையா நிக்கும், தொட்டா இறங்கும். ஸிஃபோஸ்ல மாட்யூல் மேனேஜர்னு இருக்கும், அதத் தொறக்கும்போது ஒரு எச்சரிக்கை வரும், கிறிஸ்தவங்கள துன்புறுத்துற நாட்டுல இருந்தா நெட் வழியா இறக்காதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. அதப் பாத்து பாப்பாரப்பட்டி அக்கா ஒருத்தங்க பயந்து லேப்டாப்ப மூடிட்டாங்க. அது உலகத்துல எல்லாருக்கும் பொதுவா வர்ற அறிவிப்பு, ஏதோ ஒரு நாட்டுல உயிருக்குப் பயந்து படிக்கிற ஒருத்தருக்காக வெச்சிருக்காங்க. படிச்சுட்டு மேல போலாம்.

உள்ள கிடைக்கலைன்னா வெளிய போக நான் நம்புற இடம் ஈபைபிள் டாட் ஆர்க். அங்க இந்தியன் ரிவைஸ்ட் வெர்ஷன்னு தமிழ் பைபிள் இருக்கு, நம்ம சர்ச்சுல படிக்கிற பழைய மொழிபெயர்ப்போட நடைக்கு பக்கத்துல இருக்கும், கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டிருக்காங்க, அதாவது பேர் குறிப்பிட்டுட்டு யாருக்கு வேணா காப்பி குடுக்கலாம், தப்பே இல்ல. அதே வெர்ஷன் தெலுங்குலயும் கன்னடத்துலயும் இருக்கு. நம்ம பக்கத்துக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் ஒரே வீட்டுல அம்மா தெலுங்கு, மருமக தமிழ், பக்கத்து வீடு கன்னடம். ஓசூர்ல ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துல மூணு மொழியும் ஒரே போன்ல பக்கத்துல பக்கத்துல ஓடுறத நான் பாத்தேன், அந்தம்மா தெலுங்குல ஒரு வசனம் சொல்ல, பேத்தி அதே வசனத்த தமிழ்ல வாசிச்சா, யாரும் பக்கம் புரட்டித் தேடல.

வெளிய இருந்து எடுத்த ஃபைல உள்ள போடுறது எப்படின்னா, தி வேர்டு ரொம்ப சுலபம், ஃபைல இழுத்து ஜன்னல் மேல விட்டா அதுவே கேட்டு வாங்கிக்கும். இ-ஸ்வோர்டுக்கு ப்ரோகிராம் இருக்குற ஃபோல்டர்ல ஃபைலப் போட்டுட்டு மூடித் தொறக்கணும். போன்ல புது ஆண்ட்ராய்டு வந்ததுக்கப்புறம் ஆப்போட ஃபோல்டருக்குள்ள நாமளா போக விட மாட்டேங்குது, அதனால ஆப் மெனுவுல ஃபைல்ல இருந்து சேக்குற வசதிய வெச்சுத்தான் போடணும். இறங்குன ஃபைல் ஜிப்பா இருந்தா, ஆண்ட்பைபிளுக்கு ஜிப்பாவே குடுங்க, மத்ததுக்கு பிரிச்சுட்டு குடுங்க. அவ்ளோதான்.

போட்டதும் "ஆச்சு"ன்னு எழுந்துராதீங்க. நாலு இடம் தொறந்து பாருங்க. ஆதியாகமம் 1, சங்கீதம் 51, மல்கியா கடைசி அதிகாரம், யோவான் 21. ஏன் இந்த நாலுன்னா, முதல்ல இருந்தே எழுத்து சரியா வருதான்னு ஆதியாகமம் காட்டும். சங்கீதம் 51-க்கு மேல தாவீது, நாத்தான் பத்தி ஒரு தலைப்பு இருக்குல்ல, எபிரேயக் கணக்குல அந்தத் தலைப்பே ஒண்ணு, ரெண்டுன்னு ரெண்டு வசனமா எண்ணப்படும், அதனால நம்ம ஒண்ணாம் வசனம் அங்க மூணாம் வசனம். மல்கியா நமக்கு நாலு அதிகாரம், எபிரேயத்துல மூணுதான், யோவேல் நமக்கு மூணு, அங்க நாலு. ரெண்டு மாட்யூல் வேற வேற கணக்குல இருந்தா பக்கத்துல பக்கத்துல வைக்கும்போது வசனம் தள்ளித் தள்ளி நிக்கும், மாட்யூல் தப்புன்னு அழிச்சிடாதீங்க, கணக்குதான் வேற. யோவான் 21 பத்தி பின்னாடி வருது.

எழுத்து கட்டம் கட்டமா வந்தா ஃபாண்ட் இல்லைன்னு அர்த்தம், ஆப் செட்டிங்ஸ்ல ஃபாண்ட நிர்மலான்னு மாத்துங்க, விண்டோஸ்லயே இருக்கு. கட்டமா இல்லாம இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கன்னாபின்னான்னு வந்தா அது யூனிகோடு, அதாவது எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்துமுறை, வர்றதுக்கு முந்தி பாமினி மாதிரி ஃபாண்ட்ல அடிச்ச பழைய ஃபைல். அந்த ஃபாண்ட போட்டா படிக்க வரும், ஆனா தேட வராது, போன்ல சுத்தமா வராது. விட்டுடுங்க, யூனிகோடு மாட்யூல் கிடைக்கிற காலத்துல அதோட மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்து தேடுறது. மாட்யூல் போடுறதோட பாதிப் பலன் இதுலதான் இருக்கு, ஆனா தமிழ்ல தேடுறது இங்கிலீஷ் மாதிரி இல்ல. அன்புன்னு தேடுனா அன்பாய், அன்பினால், அன்பாயிருக்கிறாயா இதெல்லாம் வராம போயிடும், ஏன்னா நம்ம சொல்லு பின்னாடி ஒட்டிக்கிட்டே போகும். அதனால முழுச் சொல்லுன்னு டிக் இருந்தா எடுத்துட்டு, கடைசி உகரத்த விட்டுட்டு "அன்ப"ன்னு மட்டும் அடிங்க, எல்லாம் கொட்டும். ஆண்ட்பைபிள் மாதிரி ஆப்புல சொல்லுக்குப் பின்னாடி ஒரு நட்சத்திரக் குறி போடணும், அதுக்கு முன்னாடி இண்டெக்ஸ், அதாவது தேடுறதுக்கான சொல் பட்டியல், போடவான்னு ஒரு தடவ கேக்கும், சரின்னு சொல்லி கொஞ்ச நேரம் விட்டுடுங்க. இன்னொண்ணு, கத்தோலிக்க சகோதரங்க வெச்சிருக்குற 1995 திருவிவிலியத்துல கடவுள், ஆண்டவர், தூய ஆவி. நம்ம பழைய மொழிபெயர்ப்புல தேவன், கர்த்தர், பரிசுத்த ஆவி. எந்த மாட்யூல்ல தேடுறீங்களோ அந்த நடையில அடிக்கணும். புத்தகப் பேரும் மாறும், தொடக்க நூல்னா ஆதியாகமம், குறிப்பேடுன்னா நாளாகமம். எலத்தகிரி பக்கத்து நண்பர் ஒருத்தர் திருவிவிலியம் படிச்சே வளந்தவரு, என் போன்ல கடவுள்னு தேடிட்டு ஒண்ணும் சரியா வரலைன்னு கேட்டாரு, காரணம் இதுதான்.

சரி, தமிழ் வந்தாச்சு, வேற என்ன போடலாம்? நான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மூணே மூணுதான் சொல்லுவேன். தமிழ் பைபிள் ஒண்ணு. ஸ்ட்ராங்ஸ் எண் போட்ட கிங் ஜேம்ஸ், கூடவே ஸ்ட்ராங்ஸ் அகராதி. ஒரு விளக்கவுரை, மேத்யூ ஹென்றிங்கிற பழைய இங்கிலீஷ் போதகரோடது போதும்.

ஸ்ட்ராங்ஸ்னா, ஜேம்ஸ் ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்கர் 1890-ல வெளியிட்டது, பைபிளோட மூலமொழிச் சொல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்துட்டாரு, எபிரேயம் 8674 வரைக்கும், கிரேக்கம் 5624 வரைக்கும். கிரேக்கம் தெரியாத நமக்கு அந்த நம்பர்தான் கைப்பிடி. வாத்தியாரு சாரோட லேப்டாப்ல தமிழ் ஏறுனதும் நான் அவருக்குக் காட்டுனது யோவான் 21. இயேசு பேதுருவ மூணு தடவ கேக்குறாரே, அந்த இடம். கிங் ஜேம்ஸ்ல மூணு தடவையும் லவ், லவ், லவ்னு ஒரே சொல்லு. நம்பர் தெரியிற மாதிரி வெச்சதும் முதல் ரெண்டு தடவ இயேசு கேக்குறதுல ஜி 25 (ஜின்னா கிரேக்கம்), அகபாவோ. பேதுரு சொல்ற பதில்ல ஜி 5368, ஃபிலேயோ. மூணாந்தரம் இயேசுவே ஜி 5368-க்கு வந்துடுறாரு. சார் கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டு பக்கத்துல தமிழப் பாத்தாரு. நம்ம பழைய மொழிபெயர்ப்புல முதல் ரெண்டு தடவ "அன்பாயிருக்கிறாயா", மூணாந்தரம் "நேசிக்கிறாயா". பேதுரு மூணு தடவையும் "நேசிக்கிறேன்". இங்கிலீஷ்ல காணாமப் போன வித்தியாசத்த தமிழ்க்காரங்க அப்பவே புடிச்சு வெச்சிருக்காங்க. "நாப்பது வருஷமா படிக்கிறேன், கண்ணுல பட்டதே இல்ல தம்பி"ன்னு சொன்னாரு, கொஞ்ச நேரம் வேற எதுவும் பேசல. ரெண்டு சொல்லுக்கும் உண்மையிலயே அவ்ளோ பெரிய அர்த்த வித்தியாசம் உண்டான்னு அறிஞர்களுக்குள்ள வாதம் இருக்கு, யோவான் நடைக்காக மாத்தி மாத்தி எழுதுவாருன்னும் சொல்றாங்க, அதையும் அவருகிட்ட சொன்னேன். நம்பர் பாத்த உடனே பிரசங்கம் கட்டிடக் கூடாது. ஆனா கேள்வி கேக்கவாவது அது கண்ணுல படணும்ல.

மேத்யூ ஹென்றி 1714-ல இறந்தவரு, அதனால அவரு விளக்கவுரை யாரு வேணா இலவசமா குடுக்கலாம், ஈஸ்டன்ங்கிறவரோட பைபிள் அகராதி 1897, அதுவும் அப்படித்தான். நம்ம நாட்டுச் சட்டத்துல எழுதுனவர் இறந்து 60 வருஷம் கழிச்சு காப்பிரைட் தீரும். அதனாலதான் இலவசமா கிடைக்கிறது பெரும்பாலும் பழைய நூலா இருக்கு. புது மொழிபெயர்ப்பு, என்ஐவிங்கிற இங்கிலீஷ் பைபிள் மாதிரியானதுக்கெல்லாம் உரிமைக்காரங்க உண்டு, ஆப்புக்குள்ள முறையா குடுத்தா எடுங்க, சிலதுக்கு காசு கேக்கும். பென்டிரைவ்ல "எல்லாம் ஃப்ரீ"ன்னு சுத்துறத எடுக்காதீங்க. வேதத்த படிக்கிறதுக்கு திருட்டு காப்பி எதுக்குங்க, எத்தன பேரு வருஷக்கணக்குல உக்காந்து மொழிபெயர்த்தது அது.

இத நான் பட்டுத்தான் சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு மீட்டிங்ல ஒருத்தர் பாசத்தோட ஒரு பென்டிரைவ் குடுத்தாரு, ஆயிரக்கணக்குல புத்தகம் இருக்கு பிரதர்னு. ஆசையில மொத்தத்தையும் இ-ஸ்வோர்டு ஃபோல்டர்ல கொட்டிட்டேன். நாலு ஆப்போட ஃபைலும் கலந்து கிடந்தது, ப்ரோகிராம் தொறக்கவே டீ போட்டுக் குடிச்சுட்டு வர்ற நேரம் ஆச்சு, பாதி விளக்கவுரை யாரு எழுதுனதுன்னே தெரியல, தமிழ் ஃபைலெல்லாம் பாமினி, அதுக்கு மேல வைரஸ் வந்து ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. ஃபார்மேட் அடிக்க வேண்டியதாச்சு. அதுல ரெண்டு வருஷமா வசனத்துக்கு வசனம் நான் எழுதி வெச்சிருந்த குறிப்பு மொத்தமும் போயிடுச்சு. மாட்யூல் போனா மறுபடி இறக்கிக்கலாம், உங்க குறிப்பு உலகத்துல ஒரே ஒரு காப்பிதான்.

தமிழ்ல விளக்கவுரை இந்த மாதிரி மாட்யூலா கிடைக்கிறது இங்கிலீஷ் அளவுக்கு இல்லைங்கிறதும் உண்மை. இந்திய மொழிகள்லயே முதல்ல அச்சாகி வந்த புதிய ஏற்பாடு தமிழ்தான், 1715-ல தரங்கம்பாடியில சீகன்பால்குங்கிற ஜெர்மன் மிஷனரி காலத்துல. அப்படிப்பட்ட மொழிக்கு இன்னும் நெறைய வரணும்னு எனக்கு ஆசை. அது வர்ற வரைக்கும் உங்க குறிப்பே உங்களுக்கு தமிழ் விளக்கவுரை, அதனாலதான் அத பத்திரப்படுத்தச் சொல்றேன். எல்லா ஆப்புலயும் குறிப்பு எழுத இடம் உண்டு, அதுக்கு பேக்கப் எடுக்குற வழியும் உண்டு.

போன்ல போடுறவங்களுக்கு ஒண்ணு. இறக்குற வேலைய டவுன்ல நல்ல சிக்னல் இருக்குற இடத்துல முடிச்சுடுங்க. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் யூனிகோடுல மூணு பைட் இடம் புடிக்கும், அதனால தமிழ் பைபிள் இங்கிலீஷ விட பெருசா இருக்கும், ஆனாலும் நாலஞ்சு போட்டோ அளவுக்குத்தான். ஒருக்கா இறங்கிடுச்சுன்னா அப்புறம் நெட்டே வேண்டாம். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், வத்தல்மலைன்னு சிக்னல் வந்து வந்து போற ஊருக்கு ஊழியத்துக்குப் போறவங்க போறதுக்கு முந்தின நாளே ஏரோப்ளேன் மோடுல போட்டு ஒரு வசனம் தொறந்து பாத்துட்டுப் போங்க.

வாத்தியாரு சார் இப்ப மூணு மாட்யூலோடதான் இருக்காரு, நாலாவது கேக்கல. சனிக்கிழமை சாயந்திரம் பாடம் தயார் பண்ணி முடிச்சதும் குறிப்பு ஃபைல ஒரு சின்ன பென்டிரைவ்ல காப்பி பண்ணி, அத பைபிள் உறை ஜிப்புக்குள்ள போட்டு வெச்சுக்குறாரு. போன வாரம் போன் பண்ணி, நட்சத்திரக் குறி கீபோர்டுல எங்க இருக்குன்னு கேட்டாரு. எட்டுக்கு மேல சார், ஷிஃப்ட் அமுக்கிட்டு அடிங்கன்னு சொன்னேன்.